டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவோடு தினமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் என் தோளில் தினமும் லைக்கா எம்10 என்ற டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா தொங்கும். அதில் ஒரே ஒரு 35 மி.மீ. லென்ஸ். வேலைக்குப் போனாலும் காய்கறி வாங்கப் போனாலும் கூடவே வரும். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர்கள், நண்பர்கள், இதை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எம்10ஐ வைத்தே பேசுகிறேன், ஆனால் பெரும்பாலானவை எந்த டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டருக்கும் பொருந்தும்.

மற்ற கேமராக்களிலிருந்து இது எப்படி வேறு?

டிஎஸ்எல்ஆரிலும் மிரர்லெஸ்ஸிலும் நாம் பார்ப்பது லென்ஸ் காட்டும் காட்சி. ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸோடு சம்பந்தமில்லாத ஒரு தனிச் சன்னல் (வியூஃபைண்டர்) வழியாக நேரே வெளியே பார்க்கிறோம். கேமராவின் முன்பக்கம் சுமார் 69 மி.மீ. தள்ளி இன்னொரு சின்ன சன்னல் இருக்கும். அதன் வழியாக வரும் உருவம் வியூஃபைண்டரின் நடுவில் ஒரு சிறிய செவ்வகமாக வந்து விழும். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் அந்த உருவம் பக்கவாட்டில் நகரும். இரண்டு உருவமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தினால் ஃபோகஸ் சரி. லென்ஸின் பின்பக்கம் உள்ள உலோக விளிம்பு கேமராவுக்குள் ஒரு சிறு உருளையைத் தள்ளுகிறது, அந்த அசைவுதான் உருவத்தை நகர்த்துகிறது. இதில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. பேட்டரி தீர்ந்த கேமராவிலும் ஃபோகஸ் பார்க்கலாம்.

படத்தின் எல்லையை வெள்ளைக் கோடுகள் காட்டும். லென்ஸை மாட்டியதும் அதற்குரிய கோடுகள் ஜோடியாக வரும்: 28உடன் 90, 35உடன் 135, 50உடன் 75. எம்10இல் இந்தக் கோடுகள் இரண்டு மீட்டர் தூரத்துக்குக் கணக்கிட்டவை. தூரத்துக் காட்சியை எடுத்தால் கோட்டுக்கு வெளியே இருப்பதும் கொஞ்சம் படத்தில் வந்துவிடும். கொஞ்ச நாளில் கண் பழகிவிடும்.

ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100, எக்ஸ்-ப்ரோ எல்லாம் ரேஞ்ச்ஃபைண்டர்தானே?

தோற்றம் அப்படி. ஓரத்தில் கண்ணாடிச் சன்னலும் உண்டு. ஆனால் ஃபோகஸ் செய்வது ஆட்டோஃபோகஸ்தான், இரட்டை உருவம் பொருத்தும் இயந்திரம் உள்ளே இல்லை. நல்ல கேமராக்கள். ரேஞ்ச்ஃபைண்டருக்குச் செலவழிக்கும் முன் எக்ஸ்100ஐ யாரிடமாவது இரவல் வாங்கிக் கொஞ்ச நாள் பயன்படுத்திப் பாருங்கள். அதுவே போதும் என்று தோன்றினால் பெரிய பணம் மிச்சம்.

உண்மையான டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர்கள் எவை?

பட்டியல் சின்னதுதான். முதலில் வந்தது 2004இல் எப்சன் ஆர்-டி1. 6 மெகாபிக்சல். டிஜிட்டலாக இருந்தும் ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால் லீவரை இழுத்து ஷட்டரைத் தயார் செய்யவேண்டும். 2006இல் லைக்கா எம்8, 2009இல் முழு அளவு (35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சாரோடு எம்9, அப்புறம் எம் டைப் 240. 2017இல் எம்10, 2022இல் 60 மெகாபிக்சல் எம்11. பிரான்சிலிருந்து பிக்ஸி என்ற கேமராவும் வருகிறது, அதற்குப் பின்பக்கத் திரையே இல்லை. 2025இல் வந்த லைக்கா எம் இவி1இல் எம் லென்ஸ்கள் பொருந்தும், ஆனால் ரேஞ்ச்ஃபைண்டருக்குப் பதிலாக மின்னணு வியூஃபைண்டர். அதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆட்டோஃபோகஸ் இல்லாமல் தெருவில் எப்படிப் படம் எடுப்பது?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இதற்கான பதில் பிடித்துப்போனால் மற்ற எல்லாக் குறையும் சின்னதாகிவிடும்.

தெருவில் எடுக்கும் பெரும்பாலான படங்களுக்கு நான் ஃபோகஸ் செய்வதே இல்லை. முன்கூட்டியே வைத்துவிடுகிறேன். லென்ஸ் மேலேயே தூர அளவு பொறித்திருக்கும். 35 மி.மீ. லென்ஸை எஃப்8இல் (எஃப் எண் லென்ஸின் துளை அளவு, எண் கூடினால் துளை சின்னதாகும், தெளிவின் ஆழம் கூடும்) வைத்து, தூரத்தை மூன்று மீட்டரில் நிறுத்தினால், ஏறக்குறைய 1.9 மீட்டரிலிருந்து 7.3 மீட்டர் வரை தெளிவு கிடைக்கும். நடைபாதையில் எதிரே வருபவர், டீக்கடையில் நிற்பவர், சாலைக்கு அந்தப் பக்கம் பூக்கட்டுபவர் எல்லோரும் அதற்குள் வந்துவிடுவார்கள். நெரிசலான சந்தையில் இரண்டு மீட்டருக்கு மாற்றிக்கொள்வேன், அப்போது தெளிவு 1.4இலிருந்து 3.3 மீட்டர் வரை. ஐந்து மீட்டரைச் சற்றே தாண்டி வைத்தால் இரண்டரை மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவு.

இந்தக் கணக்கு ஃபிலிம் காலத்து அளவுகோலை வைத்துச் சொல்வது. 40, 60 மெகாபிக்சல் படத்தைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் இந்த எல்லைகளின் ஓரத்தில் கொஞ்சம் மங்கல் தெரியும். எம்10இன் 24 மெகாபிக்சலில், சாதாரண அளவில் அச்சிடும்போது, அது எனக்கு ஒருநாளும் பிரச்சினையாக இருந்ததில்லை.

தூரத்தைக் கண்ணால் மதிப்பிடப் பழகவேண்டும். கையை நீட்டினால் தொட்டுவிடும் ஆள் முக்கால் மீட்டர். நமக்கும் எதிரில் இருப்பவருக்கும் நடுவே ஒரு ஆள் படுக்க முடியும் என்றால் ஒன்றே முக்கால் மீட்டர் பக்கம். இரண்டு பேர் என்றால் மூன்றரை. நடக்கும்போதே ஒரு பொருளைப் பார்த்து மனதில் ஒரு அளவு சொல்லி, பிறகு ரேஞ்ச்ஃபைண்டரில் பொருத்தி ஸ்கேலைப் பாருங்கள். படம் எடுக்கவே வேண்டாம். இந்தப் பயிற்சி பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் நேரத்திலேயே வந்துவிடும்.

சில லென்ஸ்களின் அடிப்பக்கம் விரல் வைக்க ஒரு சிறு பிறைவடிவப் பிடி இருக்கும். அது கிடைத்தால் விடாதீர்கள். என் லென்ஸில் பிடி நேர் கீழே நின்றால் 1.2 மீட்டர் என்று விரலுக்கே தெரியும். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவரும் முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது. அருகே உட்கார்ந்து பேசுபவரை எஃப்2இல் எடுக்கும்போது மட்டும் கண்ணில் வைத்து உருவத்தைப் பொருத்துகிறேன்.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன லாபம்? மிரர்லெஸ்ஸில் எல்லாம் தானே நடக்குமே?

நடக்கும். படத்தின் தரத்துக்காக மட்டும் என்றால் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கவே வேண்டாம். பாதி விலை மிரர்லெஸ் அதே தரத்தையும், சில சமயம் அதைவிட மேலான தரத்தையும் தரும்.

எனக்குக் கிடைக்கும் லாபம் படம் எடுப்பதற்கு முந்தைய நேரத்தில் இருக்கிறது. இந்த வியூஃபைண்டர் வழியாகப் பார்ப்பது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது மாதிரி. கட்டத்துக்கு வெளியே நடப்பதும் தெரியும். நிறுத்தத்தில் நிற்கும் ஒரு பெண்மணியைக் கட்டத்துக்குள் வைத்திருக்கும்போதே, இடதுபுறம் ஒரு சைக்கிள் வருவது தெரிகிறது. அது உள்ளே நுழையும் நொடிக்காகக் காத்திருக்கலாம். ஷட்டர் விழும் நொடியிலும் காட்சி மறைவதில்லை. அவர் கண் சிமிட்டினாரா என்பதை அந்த நொடியிலேயே பார்த்துவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சன்னலில் பின்னணி மங்கலாகத் தெரியாது. முன்னால் இருப்பவரும் பின்னால் இருக்கும் போஸ்டரும் ஒரே தெளிவோடு தெரியும். அதனால் தலைக்குப் பின்னால் முளைத்து நிற்கும் மின்கம்பத்தைக் கண் உடனே பிடித்துவிடும், ஒரு அடி நகர்ந்து நிற்போம். தூரம், வெளிச்சம், நிற்கும் இடம் எல்லாவற்றையும் முன்னாலேயே தீர்மானித்துவிட்டு, கடைசியில் பட்டனை அழுத்த மட்டும் கேமரா. இந்த வரிசை பிடித்தவர்களுக்கு இது தினசரிக் கருவி. பிடிக்காதவர்களுக்கு விலையுயர்ந்த தொல்லை.

யாருக்கு இது ஒத்துவராது?

பறவை, விளையாட்டு, மேடை நடனம் எடுப்பவர்களுக்கு. 90 மி.மீ. லென்ஸுக்கே வியூஃபைண்டரில் கட்டம் சின்னதாகிவிடும், 135இல் தீப்பெட்டி அளவுதான் மிஞ்சும். பூச்சி, பூ என்று மிக அருகில் எடுப்பவர்களுக்கும் ஒத்துவராது, ரேஞ்ச்ஃபைண்டர் பொதுவாக 0.7 மீட்டருக்குக் கீழே வேலை செய்யாது. கல்யாணத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு எடுப்பவர் இதை இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்ளலாம், ஒரே கேமராவாக வைத்துக்கொண்டு தாலி கட்டும் நொடியைப் பிடிக்கப் போகக் கூடாது. ஓடிக்கொண்டே இருக்கும் இரண்டு வயதுக் குழந்தையை எடுக்க முடியும், ஆனால் எஃப்8இல், நல்ல வெளிச்சத்தில். வீடியோ எம்10இலும் எம்11இலும் கிடையாது.

எந்த லென்ஸ் முதலில்?

35. யோசிக்க வேண்டாம்.

முகங்கள் அதிகம் எடுப்பவர் என்றால் 50. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளின் பெரும்பகுதியை 50 மி.மீ. லென்ஸோடு கழித்தவர். ஆனால் 50இல் ஃபோகஸ் பிழைக்கு இடம் குறைவு. எஃப்1.4இல் ஒரு மீட்டரில் இருக்கும் முகத்துக்குத் தெளிவின் ஆழம் மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஃபோகஸ் பார்த்தபின் நம் உடம்பு லேசாக முன்னால் சாய்ந்தாலே கண் போய்க் காது தெளிவாகிவிடும்.

லைக்கா லென்ஸ்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானில் கோசினா தயாரிக்கும் ஃபோக்ட்லேண்டர் லென்ஸ்கள், ஸைஸ் இசட்எம் வரிசை இரண்டும் அருமையானவை. இன்னும் குறைந்த விலைக்கு டிடி ஆர்டிசன், 7 ஆர்டிசன்ஸ் இருக்கின்றன. லென்ஸை மாட்டும் எம் மவுண்ட் 1954இல் லைக்கா எம்3உடன் வந்தது. அன்றைய லென்ஸ்களில் மிகப் பெரும்பாலானவை இன்றைய கேமராவிலும் அப்படியே மாட்டும். தாத்தா காலத்து, திருகி மாட்டும் லைக்கா ஸ்க்ரூ லென்ஸ் வீட்டில் இருந்தால் ஒரு அடாப்டர் போதும்.

எந்த லென்ஸ் என்றாலும் ஆறு மாதத்துக்கு அது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே லென்ஸோடு நடந்தால்தான் கேமராவைத் தூக்காமலேயே எவ்வளவு இடம் படத்தில் வரும் என்பது தெரியத் தொடங்கும்.

கண்ணாடி போட்டவர்கள் பயன்படுத்தலாமா?

தாராளமாக. எம்10இல் கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலும் முழுக் காட்சி தெரியும், முந்தைய மாடல்களைவிட இதில் வசதி அதிகம். 35, 50 கட்டங்கள் கண்ணாடியோடு நன்றாகத் தெரியும். 28இன் ஓரங்களுக்குக் கண்ணை அங்குமிங்கும் உருட்டவேண்டும். பார்வைக்கேற்பத் திருகி வைக்கும் வசதி கேமராவில் கிடையாது, ஆனால் உங்கள் பவருக்கு ஏற்ற சிறு வில்லையைக் கண்பக்கம் திருகி மாட்டிக்கொள்ளலாம்.

நம்மூர் வெயிலில் எக்ஸ்போஷரை (படத்துக்கு விடும் வெளிச்சத்தின் அளவை) எப்படிச் சமாளிப்பது?

உச்சி வெயிலுக்குப் பழைய ஃபிலிம் விதியே போதும்: ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200 என்றால் எஃப்16இல் 1/200 வினாடி. நான் எஃப்8இல் 1/1000 வைக்கிறேன். கட்டட நிழலுக்குள் வந்தால் ஷட்டர் வேகத்தை மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) இறக்கி 1/125. தெரு முழுக்க இந்த இரண்டு எண்களுக்குள் ஓடிவிடும்.

எக்ஸ்போஷரை ஆட்டோவில் விட்டால் வெளிச்சம் அளக்கும் மீட்டர் படத்தின் நடுப்பகுதிக்கு அதிக மதிப்புக் கொடுக்கும். நடுவில் வெள்ளை வேட்டி சட்டைக்காரர் நின்றால் படம் முழுக்க இருண்டுவிடும். பின்னால் வெளிறிய வானம் இருந்தால் நம் நிறத்து முகங்கள் கரியாகிவிடும். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் மீட்டர் அந்த அளவிலேயே நிற்கும். அதனால் முகத்தின் பக்கமோ சாலைத் தரையின் பக்கமோ திருப்பிப் பாதி அழுத்தி, மீண்டும் கட்டத்துக்கு வந்து எடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: வெளிறிப்போன வெள்ளையை டிஜிட்டலில் மீட்கவே முடியாது, இருட்டை ஓரளவு தூக்கிவிடலாம். எம்10 படங்களை டிஎன்ஜி என்ற மூலக் கோப்பாக வைத்திருந்தால் நிழல் பகுதி நன்றாகவே எழுந்து வரும்.

பகலில் எஃப்1.4 ஆசை இருந்தால் ஐஎஸ்ஓ 100இல்கூட 1/12,800 பக்கம் வேகம் வேண்டும், எம்10 1/4000ஐத் தாண்டாது. வெளிச்சத்தை மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எம்11இல் எலக்ட்ரானிக் ஷட்டர் 1/16,000 வரை போகும்.

எடுத்ததும் திரையில் பார்க்கிறீர்களா?

இல்லை. படம் தானாகத் திரையில் வருவதை நிறுத்திவைத்திருக்கிறேன். திரையைப் பார்க்கும் அந்த நொடிகளில்தான் எதிரே அடுத்த விஷயம் நடக்கிறது. பேட்டரியும் அதிக நேரம் வரும். எம்10-டி, எம்11-டி இரண்டிலும் லைக்கா திரையையே எடுத்துவிட்டது, அந்த அளவுக்குப் போகவேண்டியதில்லை. வெளிச்சம் சிக்கலான இடத்தில் ஹிஸ்டோகிராமை (படத்தின் இருட்டு, வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தை) ஒருமுறை பார்த்துக்கொள்ளத் திரை உதவும்.

வியர்வை, ஈரப்பதம், மழை?

கடலோர ஊரில் கேமரா வைத்திருப்பவர்கள் உண்மையில் பயப்பட வேண்டியது பூஞ்சைக்கு. பீரோவுக்குள், தோல் உறைக்குள் பூட்டி வைத்த லென்ஸில்தான் அது முதலில் வரும். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் உறையைத் தனியாக வையுங்கள். ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கும் மின்சார ட்ரை கேபினெட் நல்லது. முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்திக்கொள்ளலாம். தினமும் வெளியே எடுத்து வெளிச்சமும் காற்றும் படும் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிப்பது குறைவு. இதைத் தினசரிக் கருவியாக வைத்துக்கொள்ள அதுவே ஒரு காரணம்.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடியில் ஆவி படியும். பையை மூடியபடியே இருபது நிமிடம் விட்டால் தானாகச் சரியாகும். வீட்டுக்கு வந்ததும் வியர்வை பட்ட இடத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

மழையில் நனைக்க வேண்டாம். லைக்காவின் மிரர்லெஸ் கேமரா எஸ்எல்2வுக்குத் தூசியும் நீர்த் தெறிப்பும் தாங்கும் என்ற ஐபி54 தரச்சான்று உண்டு, எம் வரிசைக்கு அப்படி எதுவும் இல்லை. பையில் ஒரு பிளாஸ்டிக் கவர் எப்போதும் இருக்கட்டும். சென்சாரை உதறித் தூசி தட்டும் வசதியும் எம் கேமராக்களில் இல்லை, லென்ஸ் மாற்றுவதைக் குறைத்தால் தூசியும் குறையும்.

ஜனங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?

எந்தப் பத்திரிகை என்று கேட்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள். சின்ன கேமரா என்பதால் ஒளிந்து எடுக்கலாம் என்று நினைப்பது எனக்குப் பிடிக்காத எண்ணம். கண்ணைப் பார்த்துத் தலையசைத்து எடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஃபோகஸ் அடிக்கடி தவறினால் என்மேல் தப்பா, கேமரா மேல் தப்பா?

சோதித்துப் பார்க்கலாம். மொட்டை மாடியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு செல்போன் கோபுரத்தையோ இரவில் நிலாவையோ பாருங்கள். லென்ஸை முடிவிலியில் வைத்தால் இரண்டு உருவமும் சரியாகப் பொருந்தவேண்டும். அடுத்து, செய்தித்தாளை மேசையில் சாய்வாக விரித்து, ஒரு மீட்டரிலிருந்து ஒரு வரியைக் குறிவைத்து, லென்ஸை முழுதாகத் திறந்து ஸ்டாண்டில் வைத்து எடுங்கள். தெளிவாக வருவது அந்த வரியா, முன்னால் உள்ள வரியா, பின்னால் உள்ள வரியா என்று பாருங்கள். எல்லா லென்ஸிலும் ஒரே பக்கம் தவறினால் கேமராவுக்கு அட்ஜஸ்ட்மென்ட் தேவை. ஒரு லென்ஸில் மட்டும் என்றால் லென்ஸுக்கு.

உருவங்கள் மேலும் கீழுமாக விலகித் தெரிந்தால் கண்ணுக்கு எரிச்சல், ஆனால் ஃபோகஸ் தவறாது. பைக் பெட்ரோல் டேங்க் மேல் பையை வைத்து ஓட்டுவது, கீழே தட்டுவது இரண்டும்தான் இந்த இயந்திரத்தின் எதிரிகள். உருளையில் ஒரு சிறு திருகைத் திருப்பிச் சரிசெய்யும் வீடியோக்கள் கிடைக்கின்றன. கை பழகாதவர்கள் தொடவேண்டாம், பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள். வேலை பெரிதாக இருந்தால் ஜெர்மனியில் வெட்ஸ்லார் வரை அனுப்ப வேண்டியிருக்கலாம், அந்தக் காத்திருப்பையும் மனதில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

இவ்வளவு விலை நியாயமா?

எம்10 2017இல் 6,595 டாலருக்கும் எம்11 2022இல் 8,995 டாலருக்கும் வெளிவந்தன, லென்ஸ் தனி. கடன் வாங்கி வாங்காதீர்கள். அதே பணத்தில் ஒரு நல்ல மிரர்லெஸ், இரண்டு லென்ஸ், பல ஊர்ப் பயணம் எல்லாம் கிடைக்கும். கையில் மிஞ்சிய பணம், தினமும் எடுத்துப்போகும் பழக்கம் இரண்டும் இருந்தால் மட்டும், பழையதாகத் தேடுங்கள்.

பழையது வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

எம்8 என்றால், கறுப்பு செயற்கை இழைத் துணிகள் ஊதாவாக விழும். அகச்சிவப்பை அந்தச் சென்சார் சரியாக வடிகட்டாததுதான் காரணம், அதற்கு லென்ஸ் முன்னால் மாட்டும் யுவி/ஐஆர் ஃபில்டர் அவசியம். விற்பவரிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

எம்9, எம்9-பி, எம்-இ டைப் 220, முதல் எம் மோனோக்ரோம் நான்கிலும் சென்சார் மேல் உள்ள கண்ணாடி அரித்துப்போகும் குறை உண்டு. லைக்கா இலவசமாக மாற்றிக்கொடுத்த காலம் முடிந்து வருடங்களாகின்றன. மாற்றப்பட்ட சென்சார் என்பதற்கு ரசீது இல்லாமல் இவற்றை வாங்காதீர்கள். லென்ஸை எஃப்16இல் வைத்து வெறும் வானத்தை எடுத்து, படத்தை முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும், துடைத்தால் போய்விடும். சுற்றிலும் வளையம் போட்ட புள்ளிகள் தெரிந்தால் அது அரிப்பு, கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எம்10இல் அப்படிப் பெரிய சிக்கல் இல்லை. முடிவிலிச் சோதனை செய்யுங்கள். அடித்தட்டைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், பேட்டரியும் கார்டும் அதற்குள்தான். ஐஎஸ்ஓ டயலை மேலே இழுத்துத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி இரண்டு கேளுங்கள். லென்ஸும் சேர்த்து வாங்கினால், ஒரு செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.